ஐம்பத்து மூன்றாம் எண் குப்பி

நுழையும்முன்

கையடக்கமான ஒரு கண்ணாடிக் குப்பி. அதன் வாயை அடைத்திருக்கும் தக்கை. உள்ளிருக்கும் மருந்தை உடலுக்குள் செலுத்தும் மெல்லிய ஊசி. மருத்துவத்தின் மாபெரும் வெற்றிகள் பலவும் இம்மூன்று எளிய பொருள்களின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தன. இவற்றுள் ஒன்றில் ஒட்டிய மண்துகள், உயிர்காக்கும் மருந்தையே உயிர்க்கொல்லியாக மாற்றிவிடவும் கூடும். அத்தகைய ஒரு குப்பியால் பழி சுமந்து, ஐந்தாண்டுகள் போராடி, அறிவியல் சான்றுகளின் துணையால் அப்பழியிலிருந்து மீண்ட அறிஞர் வால்டெமர் ஹாஃப்கின். காலராவுக்கும் பிளேக்கிற்கும் தடுப்பூசி கண்ட அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒடெசாவின் மாணவர்

கருங்கடலின் கரையில் அமைந்த துறைமுக நகரம் ஒடெசா. அன்று அது ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்தது. அந்நகரில் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் யூதக் குடும்பம் ஒன்றில் ஹாஃப்கின் பிறந்தார். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றபோது, அங்கே பேராசிரியராக விளங்கிய இலியா மெச்னிகோவ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். உடலுக்குள் புகும் நுண்ணுயிரிகளை இரத்தத்தின் வெள்ளணுக்கள் விழுங்கி அழிக்கின்றன என்பதைப் பின்னாளில் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றவர் அம்மெச்னிகோவ்.

1881ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அதன் விளைவாகப் பல நகரங்களில் யூதர்கள்மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டது. தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞருள் ஹாஃப்கினும் ஒருவர். அதன்பொருட்டு அவர் கைது செய்யப்பட்டார். மெச்னிகோவ் அவருக்காகப் பரிந்து பேசியதால் விடுதலை பெற்றார்.

படிப்பு முடிந்தபின் ஒடெசாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். ஆயினும், பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணிக்கு உயர யூத சமயம் அவருக்குத் தடையாக நின்றது. சமயம் மாறினால் கதவு திறக்கும் என்னும் நிலையிலும் அவர் அதற்கு இசையவில்லை. பதவிக்காகப் பிறப்பை மறைக்க விரும்பாத அவ்விளைஞர் 1888ஆம் ஆண்டு தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

நூலகத்திலிருந்து ஆய்வகத்திற்கு

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் சிறிது காலம் பணியாற்றிய ஹாஃப்கின், 1889ஆம் ஆண்டு பாரிசிலுள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தை அடைந்தார். அவருடைய ஆசான் மெச்னிகோவ் முன்னரே அங்குச் சென்றிருந்தார். ஆய்வாளர் இடம் எதுவும் அப்போது காலியாக இல்லை. எனவே, உதவி நூலகர் பணியை ஏற்றுக்கொண்டார். பகலில் நூல்களை அடுக்கினார்; எஞ்சிய நேரத்தை ஆய்வகத்தில் கழித்தார்.

அக்காலத்தில் நுண்ணுயிரியல் என்பது பெரும்பாலும் கண்ணாடியின் அறிவியலாகவே இருந்தது. வளைந்த கழுத்துடைய கண்ணாடிக் குடுவையில் இறைச்சிச் சாற்றைக் கொதிக்கவைத்து, வெளித்தூசி உட்புகாதவரை அது கெடுவதில்லை என்று லூயி பாஸ்டர் மெய்ப்பித்திருந்தார். கண்ணாடி ஒளியை உள்ளே விடும். ஆகவே, உள்ளே நிகழும் மாற்றத்தைக் கண்ணால் காணலாம். அது நீரை உறிஞ்சாது. ஆகவே, பழைய அழுக்கு அதனுள் ஊறி நிற்காது. வெப்பத்தைத் தாங்கும்; ஆகவே, சுடரில் காட்டியோ நீராவியில் வைத்தோ தூய்மை செய்யலாம். மண்பாண்டத்திற்கும் மரக்கலத்திற்கும் இம்மூன்று பண்புகளும் ஒருங்கே வாய்ப்பதில்லை. குடுவையின் வாயைச் சுடரில் காட்டாமல் திறப்பதும், தூய்மை செய்யாத கருவியை உள்ளே விடுவதும் ஆய்வகத்தில் பெரும் பிழைகளாகக் கருதப்பட்டன. ஹாஃப்கின் இவ்வொழுக்கத்தில் பயின்று தேர்ந்தார்.

உலகின் பல பகுதிகளை அன்று காலரா வாட்டிக்கொண்டிருந்தது. அந்நோயின் நுண்ணுயிரியை எடுத்து, ஒரு வகையை வலுவிழக்கச் செய்தும் மற்றொரு வகையை வீரியம் மிக்கதாக்கியும், இரண்டையும் அடுத்தடுத்து உடலில் செலுத்தும் தடுப்பூசி முறையை ஹாஃப்கின் உருவாக்கினார். விலங்குகளிடம் சோதனை வெற்றி பெற்றது. மனிதரிடம் சோதிக்கும் வேளை வந்தபோது அவர் வேறு எவரையும் தேடவில்லை. 1892ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் தம் உடலிலேயே ஊசியை ஏற்றிக்கொண்டார். காய்ச்சலும் வலியும் வந்து நீங்கின. அதன்பின் நண்பர் மூவர் அச்சோதனைக்கு முன்வந்தனர்.

கல்கத்தாவின் குளக்கரைகளில்

தடுப்பூசியின் பயனை உறுதிப்படுத்த நோய் மிகுந்த நிலம் ஒன்று தேவைப்பட்டது. பாரிசில் ஆங்கிலேயத் தூதராக இருந்தவர் டஃப்ரின் பிரபு. அவர் முன்பு இந்தியாவில் அரசப் பிரதிநிதியாகப் பணியாற்றியவர். அவருடைய துணையுடன் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஹாஃப்கின் கல்கத்தாவில் வந்திறங்கினார். ஆக்ரா முதலிய வட இந்திய நகரங்களில் தம் பணியைத் தொடங்கினார்.

மக்கள் எளிதில் இசையவில்லை. வெளிநாட்டார் ஒருவர் நோயைத் தடுப்பதாகச் சொல்லி நோயின் வித்தையே உடலில் ஏற்றுகிறார் என்றால், அஞ்சுவது இயல்புதானே! கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் கூட்டத்தினர் கல்லெறிந்ததில் கண்ணாடிக் கருவிகள் நொறுங்கின என்றும், ஹாஃப்கின் அவ்விடத்திலேயே தம் சட்டையை விலக்கி, உடனிருந்த மருத்துவரைத் தமக்கு ஊசி போடச் செய்தார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பிறருக்குத் தரும் மருந்தைத் தாம் முதலில் ஏற்பதே அவர் மக்களுக்கு அளித்த உறுதிமொழியாக இருந்தது. வங்க மருத்துவர்கள் சிலரும் அவருடன் நின்று முதலில் ஊசி போட்டுக்கொண்டனர்.

1894ஆம் ஆண்டு காட்டல் பகான் என்னும் குடிசைப் பகுதியில் காலரா தோன்றியது. ஒரே குளத்து நீரை நம்பி வாழ்ந்த ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கே காலரா கண்டவர் அனைவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களாகவே இருந்தனர். ஒரே நீர், ஒரே காற்று, ஒரே வறுமை. வேறுபாடு ஊசி ஒன்றே. சொற்பொழிவுகளால் இயலாததை இவ்வொப்பீடு செய்து முடித்தது. இரண்டரை ஆண்டுகளுக்குள் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் தடுப்பூசி பெற்றனர். ஓய்வின்றி அலைந்த ஹாஃப்கினை மலேரியா பற்றியது. 1895ஆம் ஆண்டு உடல்நலம் குன்றி ஐரோப்பா திரும்பிய அவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்தார்.

நெய்த்துளியும் விழுதும்

1896ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். பிளேக்கிற்குத் தடுப்பூசி காணும் பொறுப்பு ஹாஃப்கினிடம் ஒப்படைக்கப்பட்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதையொட்டிய தாழ்வாரமுமே ஆய்வகமாக அமைந்தன. ஓர் எழுத்தரும் மூன்று ஏவலருமே அவருக்குத் துணை.

அச்சிற்றறையில் அவர் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. கண்ணாடிக் குடுவைகளில் இறைச்சிச் சாற்றை நிரப்பி, அதன்மேல் நெய்யைத் துளித்துளியாக மிதக்கவிட்டார். பிளேக் நுண்ணுயிரிகள் அந்நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு, ஆலமரத்து விழுதுகள்போல் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. குடுவையைக் குலுக்கினால் விழுதுகள் உதிர்ந்து அடியில் படியும். புதிய விழுதுகள் மீண்டும் இறங்கும். இவ்வாறு பல வாரங்கள் வளர்ந்தபின், குடுவையை ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து நுண்ணுயிரிகளைக் கொன்றார். கெடாமல் காக்கச் சிறிதளவு கார்பாலிக் அமிலம் சேர்த்தார். இறந்த நுண்ணுயிரிகளைக் கொண்ட அந்நீர்மமே தடுப்பு மருந்து. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மக்களின் சமய உணர்வைப் புண்படுத்தக்கூடும் என்பதை உணர்ந்து, சாறு தயாரிக்க ஆட்டிறைச்சியையே பயன்படுத்தினார். மருந்தின் வீரியம் ஒருபுறம் இருக்க, மக்கள் அதை ஏற்பதும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1897ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், வழக்கமான அளவினும் மிகுதியான மருந்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். கடும் காய்ச்சல் கண்டது. ஆயினும் பணியை நிறுத்தவில்லை. அம்மாத இறுதியிலேயே பைக்குல்லாச் சிறையில் பிளேக் பரவியபோது, தாமாக முன்வந்த சிறையாளிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. மருந்தின் பயன் அங்கும் விளங்கியது.

மறு ஆண்டு பரோடாவுக்கு அருகிலுள்ள உந்தேரா என்னும் சிற்றூரில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஊசி போட்டு, மற்றவருடன் ஒப்பிட்டனர். ஊசி போட்டுக்கொண்ட 71 பேரில் இறந்தோர் 3 பேர். போட்டுக்கொள்ளாத 64 பேரில் இறந்தோர் 26 பேர். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோரிடையே கண்ட இவ்வேறுபாடு ஐயத்திற்கு இடந்தரவில்லை.

ஆகா கான் தாமே பலர் முன்னிலையில் ஊசி போட்டுக்கொண்டு மக்களின் அச்சத்தைப் போக்கினார். ஆய்வகத்திற்கு இடமும் அளித்தார். 1899ஆம் ஆண்டு ஆய்வகம் பரேலிலிருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. அங்கிருந்து கண்ணாடிக் குப்பிகள் நாடெங்கும் புறப்பட்டன.

முல்கோவாலில் நிகழ்ந்தது

1902ஆம் ஆண்டு பஞ்சாபில் பிளேக் கடுமையாகப் பரவியது. இலட்சக்கணக்கானோருக்குத் தடுப்பூசி போட அம்மாநில அரசு திட்டமிட்டது. பெருகிய தேவையை நிறைவு செய்யும் பொருட்டுப் பரேல் ஆய்வகம் மருந்து தயாரிக்கும் முறையைச் சற்று மாற்றியிருந்தது. கார்பாலிக் அமிலம் சேர்ப்பதைக் கைவிட்டு, வெப்பத்தால் தூய்மை செய்வதையே அம்முறை சார்ந்திருந்தது.

அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அதற்காக ஐந்து குப்பிகள் திறக்கப்பட்டன. ஒவ்வொரு குப்பியிலும் பலருக்குப் போதுமான மருந்து இருந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் சென்றபின், ஊசி போட்டுக்கொண்டவருள் 19 பேருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்தது. அது பிளேக் அன்று. டெட்டனஸ் என்னும் இரண ஜன்னி. அந்தப் 19 பேரும் இறந்தனர். பிளேக்கிற்கு அஞ்சி, அரசின் சொல்லை நம்பிக் கையை நீட்டியவர்கள் அவர்கள்.

மற்ற நான்கு குப்பிகளிலிருந்து மருந்து பெற்ற 88 பேருக்கு எத்தீங்கும் நேரவில்லை. இறந்த 19 பேருக்கும் மருந்து வந்தது ஒரே குப்பியிலிருந்து. அதன்மேல் 53 என்னும் எண் பொறிக்கப்பட்டிருந்தது.

தெரிந்து தெளிவோம்

தக்கையால் மூடிய குப்பியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றும் தூசியும் உட்புக வாய்ப்புண்டு. இதனைத் தவிர்க்க, ஒருவருக்குரிய மருந்தை மட்டும் சிறு கண்ணாடிக் குழலில் இட்டு, அதன் கழுத்தைச் சுடரில் உருக்கி மூடும் முறையைப் பிரெஞ்சு மருந்தாளுநர் லிமூசின் 1886ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆம்பூல் எனப்படும் அக்குழலின் கழுத்தை உடைத்தே மருந்தை எடுக்க வேண்டும். ஆகவே, ஒருமுறை திறந்ததை மீண்டும் மூட இயலாது. சாதாரணக் கண்ணாடியைத் திடீரெனச் சூடாக்கினால், அதன் ஒரு பகுதி விரைவாகவும் மறுபகுதி மெதுவாகவும் விரிவதால் அது விரிசலுறும். போரான் கலந்த கண்ணாடி வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரியும். மருந்தில் காரத்தைக் கரையவிடுவதும் குறைவு. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஓட்டோ ஷாட் இவ்வகைக் கண்ணாடியை உருவாக்கினார். இன்றைய மருந்துக் குப்பிகள் பலவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

பழி வந்த வழி

முல்கோவால் நிகழ்ச்சியை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் லாரன்ஸ் ஜென்கின்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். டெட்டனஸ் நுண்ணுயிரி எப்போது, எங்கே குப்பிக்குள் புகுந்தது என்பதே கேள்வி. அந்தக் குப்பி பரேலில் 41 நாள்களுக்கு முன்பு நிரப்பப்பட்டது. குப்பி திறக்கப்படுவதற்கு முன்பே, அதாவது பரேல் ஆய்வகத்திலேயே, மாசு புகுந்தது என்று குழு முடிவு செய்தது. கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய முறையைக் கைவிட்டதும் குறையாகச் சுட்டப்பட்டது.

குழுவின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்லிவிட இயலாது. டெட்டனஸ் நுண்ணுயிரி தடித்த உறையுடைய வித்துகளை உண்டாக்கும். பிளேக் நுண்ணுயிரியைக் கொல்லும் 65 பாகை வெப்பம் அவ்வித்துகளை ஒன்றும் செய்யாது. கொதிநீரில் சிறிது நேரம் வைத்தாலும் அவை பிழைத்திருக்கும். எனவே, சாறும் குடுவையும் குப்பியும் மருந்து தயாரிப்பதற்கு முன்பே, அழுத்தத்தில் அடைபட்ட நீராவி போன்ற கடுமையான வெப்பத்தால் தூய்மை செய்யப்பட்டிருக்க வேண்டும். அதில் எங்கேனும் தவறு நேர்ந்திருக்குமா என்று கேட்பது முறையே. ஆனால், கேள்வியை முடிவாக ஏற்றுக்கொண்டதுதான் முறையன்று.

ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1904ஆம் ஆண்டு அவர் இந்தியாவை விட்டு இலண்டன் சென்றார். சில ஆண்டுகளுக்கு முன் அரசு விருது அளித்துப் போற்றிய அறிஞர், இப்போது 19 உயிர்களுக்குப் பொறுப்பாளியாகச் சுட்டப்பட்டார். அவர் ஆங்கிலேயர் அல்லர், மருத்துவப் பட்டம் பெற்றவரும் அல்லர், யூதர். இவை அவருக்கு எதிராக நின்றன என்று அன்றே பலர் கருதினர். பிரான்சில் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட யூதப் படை அலுவலர் டிரேஃபஸின் வழக்கோடு இதனை ஒப்பிட்டுப் பேசினர்.

சான்றுகள் பேசின

வருத்தமும் சினமும் இருந்தபோதும் ஹாஃப்கின் தம் வாதத்தை உணர்ச்சியின்மேல் கட்டவில்லை. சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அவ்வாதத்தை விளங்கிக்கொள்ளக் குப்பி, தக்கை, ஊசி ஆகியவற்றைப் பற்றிய எளிய அறிவே போதுமானது.

முதற்சான்று மணம். டெட்டனஸ் நுண்ணுயிரி காற்றில்லா இடத்தில் பெருகும். மூடிய குப்பியில் இறைச்சிச் சாற்றின் அடிப்பகுதி அதற்கு ஏற்ற இடம். 41 நாள்கள் அது அங்கே வளர்ந்திருந்தால், குப்பியைத் திறந்தவுடன் கடும் நாற்றம் வீசியிருக்க வேண்டும். ஊசி போட்ட மருத்துவர் மருந்தை முகர்ந்து பார்த்த பின்னரே பயன்படுத்தினார். நாற்றம் எதையும் அவர் உணரவில்லை.

இரண்டாம் சான்று காலம். நுண்ணுயிரி பல வாரங்கள் வளர்ந்திருந்தால், அது உமிழும் நஞ்சு குப்பியிலேயே திரண்டிருக்கும். அந்நஞ்சு உடலில் நேராகப் புகுந்தால் நோய் விரைந்து தோன்றும். ஆனால், முல்கோவாலில் நோய் தோன்ற ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. புதிதாகப் புகுந்த வித்துகள் உடலில் முளைத்து, பெருகி, நஞ்சை உண்டாக்குவதற்கு வேண்டிய காலம் அது.

மூன்றாம் சான்று ஓர் இடுக்கி. குப்பியின் தக்கையை எடுக்க உதவியாளர் பயன்படுத்திய இடுக்கி, அன்று தரையில் விழுந்தது விசாரணையிலேயே வெளிப்பட்டிருந்தது. அதனைச் சுடரில் காட்டி முறைப்படி தூய்மை செய்யாமல், கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தியிருந்தனர். கால்நடைகள் நடமாடும் ஊர்களின் மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் வித்துகள் மிகுதி. கரைசலில் ஒரு நொடி அலசுவதால் அவை மடிவதில்லை. தக்கையைத் தொட்ட இடுக்கி, குப்பியின் வாய்க்கு மண்ணைக் கொண்டு சேர்த்திருக்கும். அதே குப்பியிலிருந்து ஊசி அடுத்தடுத்து மருந்தை எடுத்தது. ஒருவருக்கு நேர்ந்திருக்கக்கூடிய தீங்கு 19 பேருக்குப் பரவியது.

கார்பாலிக் அமிலத்தைக் கைவிட்டது பற்றிய குற்றச்சாட்டும் நிற்கவில்லை. மருந்தில் சேர்க்கும் சிறிதளவு அமிலம் டெட்டனஸ் வித்துகளைக் கொல்ல வல்லதன்று.

அறிஞர்களின் துணை

இலண்டனிலுள்ள லிஸ்டர் ஆய்வு நிறுவனம் சான்றுகளை மறுபடி ஆராய்ந்தது. குப்பியைத் திறந்த வேளையில், ஊரிலேயே மாசு புகுந்திருக்க வேண்டும் என்னும் கருத்துக்கு அது வந்தது. ஆயினும், அரசு தன் நிலையை உடனே மாற்றிக்கொள்ளவில்லை.

இந்நிலையில் குரல் எழுப்பியவர் ரொனால்டு ராஸ். மலேரியாவைக் கொசுக்கள் பரப்புவதை இந்திய மண்ணில் கண்டறிந்து 1902ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரு தவறான முடிவு ஹாஃப்கினுக்கு மட்டும் தீங்கிழைக்கவில்லை, தடுப்பூசியின்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கையையே குலைக்கிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இதழ்களில் தொடர்ந்து எழுதினார். 1907ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ராஸ் உட்பட அறிஞர் பத்துப் பேர் கையொப்பமிட்ட மடல் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் வெளியாயிற்று. ஹாஃப்கின்மேல் சுமத்திய பழிக்குச் சான்றில்லை என்பது அம்மடலின் சாரம். அவ்வாண்டு நவம்பரில் அரசு அவரைப் பழியிலிருந்து விடுவித்தது. மீண்டும் பணிக்கு அழைத்தது.

மீண்ட பெயர்

ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால், தாம் உருவாக்கிய பரேல் ஆய்வகத்தின் பொறுப்பு அப்போது வேறொருவர் கையில் இருந்தது. எனவே, கல்கத்தாவில் உயிரியல் ஆய்வகத்தை ஏற்றார். மனிதரிடம் புதிய சோதனைகள் நடத்தும் உரிமை அவருக்கு அங்கே வழங்கப்படவில்லை. பழி நீங்கியது, ஆயினும், ஆற்றல் நிறைந்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை. முதல் உலகப் போர் மூண்ட காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா திரும்பினார்.

1925ஆம் ஆண்டு பரேல் ஆய்வகத்திற்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டப்பட்டது. தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைப் பம்பாய்ப் பணிக்கு அளித்திருந்த அவர், அச்செய்தி கேட்டு மகிழ்ந்து நன்றி மடல் எழுதினார். தமக்கு நேர்ந்த அநீதியைவிட, தாம் தொடங்கிய பணி தொடர்வதே அவர் நெஞ்சில் நின்றது. அந்த ஆண்டுக்குள் பரேலிலிருந்து இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட அளவுகளில் பிளேக் தடுப்பு மருந்து அனுப்பப்பட்டிருந்தது.

திருமணம் செய்துகொள்ளாமல் தனித்து வாழ்ந்த ஹாஃப்கின், 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். தம் செல்வத்தை யூத மாணவர்களின் கல்விக்கு விட்டுச்சென்றார். 1964ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

குப்பி கற்பித்த பாடம்

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் செவிலியர், குப்பியின் தக்கையைப் பிடுங்குவதில்லை. குப்பியின் வாயை இரப்பர் மூடி இறுக அடைத்திருக்கும். ஊசி அம்மூடியைத் துளைத்து உள்ளே செல்லும். வெளியே வந்ததும் இரப்பர் தானே சுருங்கித் துளையை மூடிக்கொள்ளும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசி மற்றொருவருக்குப் பயன்படுத்தப்படுவதில்லை. குப்பியின்மேல் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. திறந்த குப்பியை எத்தனை நேரத்திற்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. பார்ப்பவருக்கு இவை சிறு சடங்குகள்போல் தோன்றலாம். ஆனால், இத்தகைய விதி ஒவ்வொன்றின் பின்னும், அது இல்லாத காலத்தில் மாண்டவர்களின் நினைவு மறைந்திருக்கிறது.

முல்கோவால் இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், அதை மக்களிடம் கொண்டு சேர்க்கும் கடைசிக் கையின் தூய்மையே அதன் பயனை முடிவு செய்கிறது. அதைப்போலவே, பெருந்துயரம் நேரும்போது யார்மீதேனும் பழியைச் சுமத்தி அமைதி பெற மனம் விரைகிறது. ஆனால், சான்றுகளை எடைபோட்ட பின்னரே தீர்ப்பு எழுத வேண்டும். தரையில் விழுந்த இடுக்கியை ஒரு நிமிடம் சுடரில் காட்டியிருந்தால் 19 உயிர்கள் பிழைத்திருக்கும். அந்த இடுக்கியைப் பற்றிய சான்றை முதலிலேயே உரிய முறையில் எடைபோட்டிருந்தால், உயிர்காக்கப் பாடுபட்ட ஓர் அறிஞரின் ஐந்து ஆண்டுகள் வீணாகியிருக்கமாட்டா.